வீட்டு விலாசத்தில் நடந்த விவாகம்

பேரேடு புரட்டுவதே தொழிலாகக் கொண்ட நாம், ஏட்டின் ஒரு வரியும் குடும்ப மானத்தைக் கலக்கக் கூடுமென்பதை அறிவோம். நம் தோட்டத் துரைமார் பலருக்குத் தாயகமாயிருந்த ஸ்காட்லாந்தின் பழைய விவாகப் பதிவுகளே சான்று. மணம் நடந்த இடமாகத் தேவாலயத்தின் பெயர் இராது. தெருப் பெயரும் வீட்டு எண்ணுமே இருக்கும். முன்னோர் ஒளிவுமறைவாய் மணந்தனரோ எனப் பேரப்பிள்ளைகள் அஞ்சுவர்.

அவ்வச்சம் வீண். அந்நாட்டில் 1855-இல் அரசாங்கப் பதிவு தொடங்கியது. அக்காலத்தில் தேவாலயத்தில் மண ஓலை வாசிப்பர். மணமோ பெரும்பாலும் பெண் வீட்டிலோ பாதிரியார் இல்லத்திலோ நிகழும். ஆதலின் விலாசத்தை முதற்கண் மணமகளின் இருப்பிடத்தோடு ஒப்பிடல் வேண்டும்.

இன்னொரு வழியும் இருந்தது. பாதிரியார் இன்றியே, சாட்சிகள் முன் இருவரும் தம்மைக் கணவன் மனைவியென உரைப்பர். ‘ஒழுங்கிலா மணம்’ எனப்பட்டாலும் அது சட்டப்படி செல்லும். ஷெரிப் என்னும் நீதிபதியின் உத்தரவு பெற்று அதனைப் பதிவர். அப்போது விலாசம் வக்கீலின் அலுவலகமாகவும் இருக்கலாம். இம்முறை 1940 ஜூலை 1 முதல் ஒழிந்தது.

மணத்தை ஆக்கியது இடமன்று, இருவர் சம்மதமே. முன்னோரைப் பழிக்குமுன் அவர் காலத்துச் சட்டத்தை அறிதல் நம் கடமையன்றோ?