பெங்களூர் நகரின் சாலை ஓட்டங்களும் பயிற்சிக் களங்களும்

ஒரு நகரின் வரலாறு அதன் கோட்டை கொத்தளங்களிலும் அரசாணைகளிலும் மட்டும் அடங்கிவிடுவதன்று. அந்நகர மக்கள் வைகறையில் எங்கே கூடினர், எவ்வழியே நடந்தனர், எவ்விடத்தில் ஓடிப் பயின்றனர் என்பனவும் வரலாறே ஆகும். வந்தேறி வாழும் தமிழர்களாகிய நாம் இந்நகரின் அலுவலகங்களையும் அங்காடிகளையும் நன்கு அறிவோம். அதன் பூங்காக்களையும் ஏரிக்கரைகளையும் அத்துணை அறிந்தோமில்லை. ஆகவே, பெங்களூரின் சாலை ஓட்டங்களைப் பற்றியும், அவற்றுக்கு மக்களை ஆயத்தஞ் செய்யும் இடங்களைப் பற்றியும் சங்கத்தின் இவ்வாண்டு மலரில் சில செய்திகளைத் தொகுத்துக் கூற விழைகின்றோம்.

தண்டும் இருப்புப்பாதையும்

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் அமைந்திருப்பது பெங்களூர். சென்னையிலும் வேலூரிலும் காலை ஏழு மணிக்கே வியர்வை ஆறாய்ப் பெருகும் நாட்களிலும், இங்கே இளங்காற்று வீசக் காணலாம். ஓடுவோர்க்கு இயற்கை அளித்த முதற்கொடை இதுவே.

1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அல்சூர்ப் பகுதியில் தம் படைக்குக் குடியிருப்பு அமைத்தனர். இன்றும் முதியோர் அதனைத் ‘தண்டு’ என்றே வழங்குவர். படையோடு சமையற்காரரும் வணிகரும் கொத்தரும் தச்சருமாகத் தமிழ் மக்கள் பலர் வந்து குடியேறினர். சென்னைச் சாப்பர்கள் எனப்படும் பொறியியற் படையினர் 1834-இல் தம் தலைமையிடத்தை இங்கே அமைத்துக்கொண்டனர். 1864-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாளன்று சோலையார்பேட்டையிலிருந்து தண்டு ரயில் நிலையம் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. நம்மில் பலருடைய பாட்டனாரும் பூட்டனாரும் அவ்வழியே வந்தவர்கள் அல்லரோ?

படைவீரர்க்கென அமைந்த அணிவகுப்புத் திடலும், அதனைச் சுற்றி மரநிழல் படர்ந்த அகன்ற சாலைகளுமே இந்நகரில் ஓட்டத்திற்கு வாய்த்த முதல் வசதிகள் எனலாம்.

பயிற்சிக் களங்கள்

முதலிற் குறிப்பிடத்தக்கது கப்பன் பூங்கா. மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராயிருந்த ரிச்சர்டு சாங்கி என்பார் 1870-இல் இதனை அமைத்தார். 1927-இல் இதற்குச் சாமராஜேந்திரர் பெயர் சூட்டப்பெற்றது. எனினும் மக்கள் நாவில் நிலைத்தது கப்பன் என்னும் பழம்பெயரே. பூங்காவின் நடுவே செம்மை நிறத்தில் விளங்கும் நூலகக் கட்டிடம், 1883 முதல் 1901 வரை மைசூரின் திவானாக விளங்கிய சேஷாத்திரி ஐயரின் நினைவாக எழுந்தது. தமிழ்க் குடும்பத்திற் பிறந்த அப்பெரியாரின் நினைவு மண்டபத்தைச் சுற்றி நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் ஓடுகின்றனர். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவினுள் வாகனங்கள் செல்லத் தடை விதித்தபின், சிறுவர் சிறுமியரும் அங்கே அச்சமின்றி ஓடிப் பழகுகின்றனர்.

இரண்டாவது லால்பாக். 1760-இல் ஐதர் அலியால் தொடங்கப்பெற்று, திப்பு சுல்தானால் வளம் பெற்ற தோட்டம் இது. இதன் கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இங்குள்ள பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுத் தொன்மையுடையது என நிலநூலார் கூறுவர். மேடேறி ஓடுவதால் காலும் மூச்சும் ஒருங்கே உரம் பெறும். ஆதலின் சமதரையில் ஓடிப் பழகியவர்கள் வாரம் ஒருநாளேனும் லால்பாக்கின் ஏற்றங்களை நாடுதல் நன்று.

சாங்கி ஏரி 1882-இல் வெட்டப்பட்டது. பூங்கா அமைத்த அதே பொறியாளரின் பெயரால் இது வழங்கப்படுகின்றது. இதன் கரையில் அமைந்த நடைபாதை, நடந்து தொடங்கிப் பின் ஓட விரும்புவோர்க்கு ஏற்றது.

கண்டீரவா விளையாட்டரங்கம் 1997-இல் நடந்த தேசிய விளையாட்டுகளையொட்டிப் புதுப்பொலிவு பெற்றது. அதன் தடம் ஒரு சுற்றுக்கு 400 மீட்டர்; இருபத்தைந்து சுற்றுகள் ஓடினால் பத்துக் கிலோமீட்டர் நிறையும். தம் வேகத்தைத் துல்லியமாய் அறிய விரும்புவோர்க்கு இதனினும் சிறந்த இடம் வேறில்லை.

இவ்விடங்கள் தாமாகவே நமக்கு எஞ்சியவை என்று எண்ணிவிடலாகாது. கப்பன் பூங்காவையும் லால்பாக்கையும் காக்கும் பொருட்டு 1975-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அதன் பின்னரும், 1998-இல் கப்பன் பூங்காவின் ஒரு பகுதியைப் பூங்கா எல்லையினின்று விலக்க முயற்சி எழுந்தபோது, குடிமக்கள் நாள்தோறும் அங்கே கூடித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். ஓடுவதற்கோர் இடம் வேண்டுமாயின், அதனைக் காப்பதற்கும் ஆட்கள் வேண்டும் என்பது இந்நகரின் வரலாறு புகட்டும் பாடமாகும்.

ஓடியோர் சிலர்

இன்றைய கர்நாடகத்தின் பெல்காமைச் சேர்ந்த பதேப்பா சௌகுலே, 1920-இல் ஆன்ட்வெர்ப் நகரில் நடந்த ஒலிம்பிக் மாரத்தானில் பத்தொன்பதாவதாக வந்தார். புனாவில் நடந்த பந்தயங்களில் குடியானவர் வெறுங்காலுடன் ஓடிய திறத்தைக் கண்டு வியந்த தொராப்ஜி தாதாவின் முயற்சியே, அந்நாளில் இந்திய வீரர்கள் கடல் கடந்து செல்ல வழி வகுத்தது. பெங்களூரில் பணியாற்றிய கென்னத் பவல் 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியத் தொடர் ஓட்ட அணியில் ஓடினார். தமிழகத்தின் புதுக்கோட்டையைச் சேர்ந்த கோ. லட்சுமணன், 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியப் போட்டிகளில் 5,000, 10,000 மீட்டர் ஆகிய இரு ஓட்டங்களிலும் பொற்பதக்கம் வென்றார். எளிய குடும்பத்துப் பிள்ளைகட்கும் இவ்வழி அடைபட்டதன்று என்பதற்கு அவர் வெற்றி ஒன்றே சான்றாகும்.

பத்துக் கிலோமீட்டர்ப் பந்தயம்

2008-ஆம் ஆண்டு மே மாதத்தில் பெங்களூரில் உலகப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் தொடங்கப்பெற்றது. எரித்ரியா நாட்டின் செர்செனாய் ததேசே அம்முதலாண்டில் ஆடவர் வெற்றியாளர் ஆனார். 2022-இல் கென்ய நாட்டின் நிக்கோலசு கிமேலி 27 நிமிடம் 38 விநாடியிலும், அந்நாட்டு மங்கை ஐரீன் செப்டாய் 30 நிமிடம் 35 விநாடியிலும் ஓடி முடித்துப் புதிய பந்தயச் சாதனைகளை நிறுவினர். 2024 முதல் இவ்வோட்டம் வெயில் முதிருமுன் ஏப்ரல் இறுதியிலேயே நடைபெறலாயிற்று.

உலக வீரர் ஓடும் அதே நாளில் பொதுமக்களும் ஓடலாம் என்பதே இப்பந்தயத்தின் தனிச் சிறப்பு. முதியோர்க்கும் உடற்குறை உடையோர்க்கும் தனிப் பிரிவுகள் உண்டு. ‘மஜ்ஜா’ ஓட்டம் என்பதோ, நேரத்தைக் கருதாது மகிழ்ச்சிக்காக ஓடுவது.

பந்தய வழி எங்ஙனம் அளக்கப்படுகின்றது என்பது, ரயில்வேயில் கிலோமீட்டர்க் கற்களோடு பழகிய நமக்குச் சுவை தருவதாகும். எஃகு நாடாவால் அளந்த நேர்ப்பாதையில் முதலில் ஒரு சைக்கிளை ஓட்டி, அதன் சக்கரச் சுழற்சியைக் கணக்கிடுவர். பின்னர் அச்சைக்கிளைக் கொண்டே பந்தயச் சாலை முழுவதையும், வளைவுகளில் ஓரக்கல்லை ஒட்டி, ஓடுவோர் செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளப்பர். வழி குறைந்துவிடலாகாதெனக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டிக்கொள்வர். ஆகவே பத்துக் கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர் மிகும். இவ்வளவு கவனத்தோடு அளந்தாலன்றி நைரோபியில் ஓடியவரையும் பெங்களூரில் ஓடியவரையும் ஒப்பிட இயலாதன்றோ?

அல்சூர்க் கரையில்

பந்தய வழி ஆண்டுக்காண்டு சற்று மாறினும், அல்சூர் ஏரியை ஒட்டிய சாலைகள் ஓட்டக்காரர்கட்கு நெடுநாளாய்ப் பழகியவை. நம் உள்ளத்தைத் தொடும் இடமும் அதுவே. 1991-இல் அமைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை, காவிரிப் பூசலால் எழுந்த கசப்பின் காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டே கிடந்தது. அந்நாட்களில் நம் மக்கள் வீதியிற் தாய்மொழி பேசவும் தயங்கியதுண்டு. 2009-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள் இரு மாநில முதலமைச்சர்களும் கூடிய விழாவில் அச்சிலை திறக்கப்பட்டது. நான்கு நாட்களுக்குப் பின் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது.

இன்று அவ்வேரிக் கரையில் காலை வேளையில் கன்னடரும் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் ஒருவரையொருவர் முந்தி ஓடுகின்றனர். பின்தங்கியவரை நோக்கி, ‘இன்னும் கொஞ்சந்தான், வாருங்கள்’ என்று தம் தம் மொழியில் ஊக்குகின்றனர். பல மேடைப் பேச்சுகளால் நிகழாத நல்லிணக்கம், ஒரே சாலையில் ஒருங்கே வியர்வை சிந்துவதால் நிகழ்தல் கூடும் என்பது நம் துணிபு.

நாம் செய்யவேண்டுவன

பெரிய பந்தயங்களுக்குப் பதிவுக் கட்டணம் உண்டு. அது காலனிக் குடும்பங்கட்குச் சுமையாதலும் உண்டு. ஆனால் பயிற்சிக்கு வேண்டுவது விடியற்காலமும் மனவுறுதியுமே. நம் காலனித் திடலில் வண்டிகள் நிறுத்தும் வழக்கம் நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. திடலை இழந்தபின் பிள்ளைகளை ஓடுமாறு கூறிப் பயன் யாது? நம் பெண்மக்களும் தயக்கமின்றி ஓட வரவேண்டும். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் ஓட்டம் 1984-இலும், 10,000 மீட்டர் ஓட்டம் 1988-இலும்தான் முதன்முதலாக நடத்தப்பட்டன. உலகமே காலந்தாழ்த்தித் திறந்த கதவை, நம் இல்லங்களில் இன்னமும் சார்த்தி வைத்தல் தகாது.

அடுத்த ஆண்டு விழாவில் இசையும் நாடகமும் போலச் சிறியதோர் சாலை ஓட்டமும் இடம்பெறுமாறு சங்க நிர்வாகிகளை வேண்டுகின்றோம். முதியோர்க்கு நடை, இளைஞர்க்கு ஐந்து கிலோமீட்டர், சிறுவர்க்குத் திடலில் இரண்டு சுற்று என அமைத்தால் போதும். கன்னட அண்டை வீட்டாரையும் அதற்கு அழைப்போமாக. திடலைக் காத்து, உடலைப் பேணி, வாழவந்த ஊரோடு ஒன்றி வாழ்வோமாக!