தானியம் வந்த வழியும் மக்கள் சென்ற வழியும்

பஞ்சம் ஒரு நாட்டைப் பற்றும்போது உயிர் காக்கும் வழிகள் இரண்டு. தானியத்தை மக்களிடம் கொண்டு சேர்க்கலாம். இயலாவிடில், தானியம் உள்ள இடத்துக்கு மக்கள் பெயர்ந்து செல்ல வேண்டும். இறையனார் களவியல் உரை, பாண்டி நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த வற்கடம் ஒன்றைப் பற்றிக் கூறுகிறது. கற்றோரைப் புரக்க இயலாத மன்னன் அவர்களை வெளிநாடு சென்று பிழைக்கவும், நாடு தேறியபின் திரும்பவும் பணித்தான் என்பது அக்கதை. அதன் வரலாற்று உண்மை எதுவாயினும், பெருந்தொலைவுக்கு உணவைச் சுமந்து செல்லும் வசதியில்லாத காலத்தின் நிலையை அது தெளிவாகக் காட்டுகிறது.

1876ஆம் ஆண்டு அந்நிலை மாறிவிட்டது என்று பலர் நம்பினர். நீராவிக் கப்பல் வந்திருந்தது; இரயில் வந்திருந்தது. சென்னையிலிருந்து இராய்ச்சூர் வழியாகப் பம்பாய் வரை 1871இலேயே பாதை இணைந்துவிட்டது. இந்நிலையில்தான் பருவமழை பொய்த்து, நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று பெயரிட்ட கொடும்பஞ்சம் தொடங்கியது. அது 1878 வரை நீடித்தது. தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. கப்பலும் இரயிலும் இருந்தும் இவ்வளவு பேர் ஏன் இறந்தனர்?

தானியம் சென்ற வழியைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தால் விடை புலப்படும். முதற்படி கடல். பர்மாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் அரிசி கப்பலில் வந்தது. ஆனால் சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து சென்று மூட்டைகளைக் கரை சேர்த்தன. உலகின் புதிய ஊர்தி கொண்டுவந்த சரக்கு, மிகப் பழைய ஊர்தி ஒன்றுக்காகக் காத்திருந்தது.

இரண்டாம்படி இரயில். கரையில் குவிந்த மூட்டைகளை உள்நாட்டுக்கு ஏற்றிச் செல்லப் போதிய சரக்குப் பெட்டிகளும் இயந்திரங்களும் இல்லை. ஒற்றைத் தடத்தில் ஒரு வண்டி தாமதித்தால் பின்வந்தவை அனைத்தும் நின்றன.

மூன்றாம்படி மாட்டுவண்டி. நிலையத்திலிருந்து சிற்றூர்வரை மூட்டையைச் சுமக்க மாடு ஒன்றே துணை. மழை பொய்த்தபோது புல்லும் நீரும் இல்லாமல் முதலில் மடிந்ததும் மாடுதான். பஞ்சம் எங்கே கடுமையாக இருந்ததோ அங்கே வண்டி இழுக்க மாடு இல்லை. நிவாரணப் போக்குவரத்தின் கடைசிக் காதம், அந்நிவாரணத்தைத் தேவையாக்கிய அதே காரணத்தாலேயே முறிந்தது.

எனினும் ஊர்திகளின் மேல் மட்டும் பழியைச் சுமத்த இயலாது. பல்லாரி இரயில் எட்டியிருந்த ஊர். பஞ்சம் கொடிதாக வாட்டிய இடங்களுள் அதுவும் ஒன்று. தானியம் நிலையத்தில் இறங்கியபோதும் அதை வாங்கக் கூலி ஏழையின் கையில் இல்லை. சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் 1876இன் இறுதியில் சுமார் 30,000 டன் தானியத்தை அரசின் பொறுப்பில் வாங்க முற்பட்டபோது, தனியார் வணிகத்தில் தலையிடுவது முறையன்று என வைசிராய் லிட்டனின் அரசு கண்டித்தது. அடுத்து அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியாளரின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமாகக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். 1877இன் நடுவில் கூலி திருத்தப்பட்டது. அந்தக் கூலிக்கு உழைத்தோர் வெட்டிய கால்வாய்ப் பகுதி ஒன்று அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிறது. முழுக் கால்வாயும் இன்று ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் எனப்படுகிறது. அதை வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

தானியம் மக்களை அடையாதபோது மக்கள் புறப்பட்டனர். இலங்கைக்கும் பர்மாவுக்கும் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் பெயர்ந்தோர் தொகை அப்பஞ்ச ஆண்டுகளில் உயர்ந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியோருக்குப் பினாங்கே முதல் கரை. பலர் எதிர்க்கரையில் இருந்த புரோவின்சு வெல்லெசுலியின், அதாவது இன்றைய செபராங் பிறையின், கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாயினர். வங்கக் கடலில் அரிசி மூட்டை மேற்கே சென்றது. அதை வாங்க இயலாதவர் கிழக்கே வந்தனர். நம்முள் பலருடைய குடும்ப வரலாறு அந்த முறிந்த கடைசிக் காதத்தில்தான் தொடங்குகிறது.

1880இல் அறிக்கை அளித்த பஞ்ச ஆணையம், மேலும் 5,000 மைல் இரயில்பாதை உடனடித் தேவை என்றது. அதன் பரிந்துரையால் பஞ்சக் கையேடுகளும் எழுந்தன. பாதை நீண்டது, ஆனால் படிகளுக்கு இடையிலான இணைப்பே உயிர்நாடி என்னும் பாடம் பழையதாகிவிடவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் ஒரே நாளில் தாக்கியது. மலேசியாவில் இறந்த 68 பேருள் பெரும்பாலோர் இம்மாநிலத்தவர். நீரிணைக்கு அப்பால் அச்சே பேரழிவுக்கு உள்ளானது. நிவாரணப் பொருள்கள் உலகெங்கிலுமிருந்து வந்தன. சுபாங் விமான நிலையம் ஐக்கிய நாடுகள் அவையின் வான்வழித் தளமாகத் திறந்துவிடப்பட்டது. ஆனால் பண்டா அச்சேயின் ஒற்றை ஓடுபாதையில் 2005 ஜனவரி 4 அன்று சரக்கு விமானம் ஒன்று எருமையின் மேல் மோதியதால் நிலையம் பல மணிநேரம் முடங்கியது. மேற்குக் கரைச் சாலை அறுந்துபோனதால், மியூலாபோ நகரை அடைய உலங்கு வானூர்திகளும், கரையோரம் வந்து சரக்கிறக்கும் சிங்கப்பூர்க் கடற்படையின் படகுகளுமே உதவின. 1877இல் மசூலாப் படகு செய்த வேலையை அங்கே அப்படகுகள் செய்தன.

மலாய்மொழி நம் கப்பலை ஏற்றுக் ‘காப்பால்’ என்கிறது. வானூர்தியைப் பறக்கும் கப்பல் என்னும் பொருளில் ‘காப்பால் தெர்பாங்’ என்கிறது. அம்மொழியின் ‘கூடாங்’ நம் கிடங்கிலிருந்து வந்தது என்பர் பலர். ஏற்றுவதற்கும் சேமிப்பதற்கும் உரிய சொற்கள் கடல் கடந்து வேரூன்றியுள்ளன. அவற்றைக் கொண்டுவந்தோரின் வரலாறு மட்டும் இன்னும் முழுமையாகப் பதிவு பெறவில்லை. எந்த ஊரிலிருந்து, எந்தத் துறையில், எந்த ஆண்டில் கப்பலேறினர் என்னும் மூன்று குறிப்புகளை ஒவ்வொரு குடும்பமும் எழுதி வைப்பின், அரசாங்க அறிக்கைகளில் தொகையாக மட்டும் நிற்கும் மக்கள் மீண்டும் பெயர் பெறுவர். மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே அப்பணியைச் செய்து முடிப்போம்.