பட்டாணி முளைக்காத ஊரில் மெண்டல்

ஏரியூரில் படித்த எனக்கு மரபியல் என்றால் கரும்பலகையில் போட்ட நாலு கட்டம். நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி, 3:1, ஐந்து மார்க். பட்டாணிச் செடியைக் கண்ணால் பார்த்ததே வேலைக்குப் போன பிறகு, ஊட்டி டூரில்தான். பள்ளிக்கூடத்துக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் ராகி. அதை வைத்தே இந்தப் பாடத்தை நடத்தலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

மெண்டல் பட்டாணியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. அது அவர் மடத்துத் தோட்டத்தில் நன்றாக வளர்ந்தது, கையால் ஒட்டுச்சேர்க்கை செய்யப் பூ தோதாக இருந்தது. 1856-இல் தொடங்கி எட்டு வருஷம் வளர்த்தார், எண்ணினார். இரண்டாம் தலைமுறையில் உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850. இதை 1866-இல் அச்சிட்டும் 1900 வரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அதற்கப்புறம் ரொம்ப நாள் ஆகவில்லை. 1923-இல் கோயம்புத்தூரில் சிறுதானிய ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கே ஜி. என். ரங்கசாமி அய்யங்கார் ராகியிலும் சோளத்திலும் இதே கணக்கைப் போட ஆரம்பித்தார். சில ராகிச் செடிகளில் ஊதா நிறம் ஏறியிருக்கும், சிலது முழுப் பச்சை. இதில் ஊதாதான் ஓங்கு பண்பு.

சிக்கல் பூவில். ராகிப் பூ பொடிசு, விடியுமுன் திறந்து தன் மகரந்தத்திலேயே கருவுற்றுவிடும். மகரந்தப்பையைக் கிள்ளி எடுப்பது பெரும்பாடு. அதனால் அவர்கள் கையாண்ட வழி எளிமையானது. பச்சைச் செடியின் கதிரையும் ஊதாச் செடியின் கதிரையும் பூக்கும் முன்பே சேர்த்துக் கட்டிவிடுவது. பச்சைத் தாயின் விதைகளை விதைத்தால் பெரும்பாலும் பச்சைதான் முளைக்கும். நடுவில் ஊதா நாற்று ஒன்று தலைகாட்டினால் அதுதான் கலப்பினம். செடியே கையைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி!

இதே நிறத்தை வைத்துத்தான் அமெரிக்காவில் வகுப்பறைப் பாடமே நடக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துப் பால் வில்லியம்ஸ், கடுகுக் குடும்பத்துச் செடி ஒன்றைச் சுமார் 40 நாளில் விதை தரும்படி தேர்ந்தெடுத்து உருவாக்கினார். பிள்ளைகள் ஜன்னலோரம் விளக்கடியில் வளர்த்து ஊதாத் தண்டு எத்தனை, பச்சைத் தண்டு எத்தனை என்று எண்ணுகிறார்கள்.

என் அக்கா மகளுக்கு இதைக் காட்ட நான் முதலில் செய்தது, பைத்தானில் ஒரு சின்ன நிரல். நாலு செடி வளர்த்தால் சரியாக மூன்றுக்கு ஒன்று அமைய 42 சதவீதம்தான் வாய்ப்பு. ஒரு பச்சையாவது வரும் என்று 95 சதவீதம் நம்ப வேண்டுமென்றால் 11 செடி வேண்டும். அவள் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, முக்கால்னு நீங்கதானே டைப் பண்ணீங்க? செடிக்கு அது எப்படித் தெரியும்?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. முடிவை நானே எழுதிக் கொடுத்துவிட்டு அதையே நிரூபணம் என்று காட்டியிருக்கிறேன். கரும்பலகைக் கட்டமும் அதையேதான் செய்தது.

ராகியில் கஷ்டம் இல்லாமல் இல்லை. பயிர் மூன்றரை, நாலு மாசம். கட்டிய கதிரின் விதை, கலப்பினம், அதன் பிள்ளைகள் என்று மூன்று விதைப்பு ஆகும். ஒரே கல்வியாண்டில் முடியாது. மேலும் ராகிக்கு 36 குரோமோசோம், நாலு தொகுதி. ஒரே வேலையைச் செய்ய இரண்டு மரபணு இருந்தால் 3:1 வராது, 15:1 வரும். ஆனால் நோட்டில் இருக்கிற விடைக்கும் எண்ணிய விடைக்கும் வித்தியாசம் வந்தால்தானே 'ஏன்?' என்ற கேள்வியே பிறக்கும்.

இந்த வருஷத்து வகுப்பு கதிரைக் கட்டட்டும். அடுத்த வகுப்பு ஊதா நாற்றைத் தேடட்டும். அதற்கடுத்த வகுப்பு எண்ணட்டும். விதைப் பொட்டலமும் ஒரு நோட்டும் கை மாறினால் போதும். மெண்டலுக்கே எட்டு வருஷம் ஆச்சு.