ஒளியைக் கற்கும் இடம்

சினிமா ஒளிப்பதிவு நீண்ட காலம் வகுப்பில் படிக்கும் கல்வியாக இருக்கவில்லை. ஸ்ரூடியோவில் கமெராப் பெட்டி தூக்கி, பிலிம் ஏற்றப் பழகி, உதவியாளராகிப் பல வருடங்கள் கழிந்த பின்னரே ஒருவர் கமெராவுக்குப் பின்னால் நிற்கலாம். உள்ளே ஆள் இல்லாதவருக்கு அந்தப் பெட்டியும் எட்டாது. பிலிமின் விலை அப்படி. 35 மில்லிமீற்றர் பிலிமில் 400 அடிச் சுருள் நாலரை நிமிடத்துக்குள் ஓடி முடிந்துவிடும். அதில் பிழைவிட்டுப் பழக எந்த முதலாளி இடம் கொடுப்பார்?

அந்த இடத்தைக் கொடுத்தவை திரைப்படக் கல்லூரிகள். மொஸ்கோவில் 1919இலேயே ஒன்று தொடங்கிவிட்டது. சென்னையில் அடையாறு கல்லூரியின் வரலாறு 1945இல் தொடங்குகிறது. 1960இல் இந்திய அரசு, பழைய பிரபாத் ஸ்ரூடியோ வளவிலேயே புனே கல்லூரியைத் திறந்தது.

புனேயில் படித்த கே.கே.மகாஜன், 1969இல் வெளிவந்த மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திராவும் கடல் கடந்து அங்கேதான் ஒளிப்பதிவு படித்தார். அவரது டிப்ளோமாப் படத்தைப் பார்த்த ராமு காரியாட், 1974இல் வெளியான 'நெல்லு' படத்தை அவரிடம் ஒப்படைத்தார். பின்னர் 'கோகிலா' (1977), 'மூன்றாம் பிறை' (1982) இரண்டுக்கும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பெற்றார். அடையாறில் படித்த பி.சி.ஸ்ரீராமுக்கு அதே விருது 'நாயகன்' (1987) மூலம் வந்தது.

விருது பெற்றவர்களை மட்டும் சொன்னால் வரலாறு அரைகுறையாகிவிடும். படித்து வெளியேறியவர்கள் செய்திப்படம், தொலைக்காட்சி, விளம்பரம் என்று பல திசைகளில் போனார்கள். டிப்ளோமாவுடன் மீண்டும் உதவியாளராக நின்றவர்களும் உண்டு. கல்லூரி வாசலைத் திறந்ததே தவிர, சம்பளத்துக்குப் பொறுப்பு நிற்கவில்லை.

பல்கலைக்கழகப் படிப்பு பாதியில் அறுந்து, கோப்பை கழுவி, மரக்கறி வெட்டி, பின்னர் அடுப்படிக்குப் போன எம் போன்றோருக்கு உதவியாளரின் காத்திருப்பு தெரிந்த கதைதான். அதனால்தானோ என்னவோ, எமது பிள்ளைகள் கமெரா படிக்கக் கேட்டால், 'அதில் சோறு வருமா?' என்று முதலில் கேட்கிறோம். நியாயமான கேள்வி. சோறு பிந்தித்தான் வரும். இன்று கமெரா கைத்தொலைபேசிக்குள் வந்து, பிலிமின் செலவும் போய்விட்டது. ஆனால் எடுத்ததைப் பார்த்து, இந்த முகத்தில் வெளிச்சம் ஏன் பிழைத்தது என்று சொல்லித்தர ஓர் ஆசிரியர் இன்றும் தேவை. எம் முகங்களை இதுவரை பெரும்பாலும் மற்றவர்களே படம்பிடித்திருக்கிறார்கள். கேட்கிற பிள்ளையை மறிக்குமுன் இதையும் யோசிப்போம்.