பார்சலோனா நொதியும் கண் அழுத்தமும்

அந்தக் காலத்தில் கண்புரை ஆபரேஷன் என்றால் லென்ஸை உறையோடு முழுசாக எடுப்பது. அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் மெல்லிய நார்களை அறுப்பதுதான் கஷ்டம். இழுத்தால் உறை கிழியும். 1958ல் பார்சலோனா டாக்டர் ஹோக்கின் பாரக்கேர் ஒரு வழி சொன்னார்: ஆல்ஃபா கைமோட்ரிப்சின் என்ற நொதியைச் செலுத்தினால் நார்கள் விட்டுவிடும், லென்ஸ் அலுங்காமல் வெளியே வரும். பிரமாதமான ஐடியா, இல்லையா? பல நாடுகளுக்கும் பரவியது.

1964ல் அமெரிக்க டாக்டர் கிர்ஷ் ஒன்றைக் கவனித்து எழுதினார். நொதி போட்ட கண்களில் ஆபரேஷனுக்குப் பிறகு அழுத்தம் ஏறுகிறது! பெரும்பாலும் சில வாரங்களில் தானாக இறங்கிவிடும். ஆனால் பார்வை நரம்பு ஏற்கெனவே நைந்திருந்தால் அந்தச் சில வாரமே ஜாஸ்தி. காரணம் 1971ல் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தது. நொதி நார்களைக் கரைக்கவில்லை, துண்டு துண்டாக்கியிருக்கிறது. கண்ணுக்குள் ஊறும் திரவம் வடிகிற சல்லடையில் அந்தத் துணுக்குகள் போய் அடைத்துக்கொண்டன, சிங்க்கில் சோற்றுப் பருக்கை அடைக்கிற மாதிரி.

இன்று உறையை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள், நொதிக்கு வேலையில்லை. கதையும் தலைகீழ். வயதானால் லென்ஸ் தடித்து வடிகால் பக்கத்தை நெருக்கும். மெல்லிய செயற்கை லென்ஸ் வைத்தால் இடம் கிடைக்கும். 2012ல் வெளியான அமெரிக்க ஆய்வில், அழுத்தம் அதிகமிருந்தும் மருந்து போடாத 63 கண்களில், கண்புரை ஆபரேஷனுக்குப் பின் சராசரி அழுத்தம் சுமார் 24லிருந்து 20 மி.மீ. பாதரசத்துக்கு இறங்கியிருந்தது.