வெற்றிலை காய்கறியா?

விற்பனை வரி வெறும் பெருக்கல் கணக்கென்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் விலையை விகிதத்தால் பெருக்குமுன் பொருளுக்குப் பெயரிட்டாக வேண்டும். இந்தியாவில் பல வழக்குகள் எழுந்தது அப்படியில்தான்.

1947ஆம் ஆண்டு மத்திய மாகாண, பேரார் விற்பனை வரிச் சட்டத்தின் விலக்கு அட்டவணை, காய்கறியையும் வெற்றிலையையும் தனித்தனியே குறித்திருந்தது. 1948இல் ஒரு திருத்தம் வெற்றிலையை நீக்கிற்று. அகோலாவின் வெற்றிலை வணிகர் தரப்போ, வெற்றிலையும் காய்கறியே, ஆதலால் விலக்கு நீடிக்கிறது என வாதிட்டது. விற்றுத் தீர்ந்த சரக்குக்கு வாங்கியவரைத் தேடிச்சென்று வரி கேட்க இயலாது. தோற்றால் சுமை வணிகர் தலையில்தான். 1961இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. தாவரவியல் பொருளன்று, மக்கள் வழக்கில் வழங்கும் பொருளே கொள்ளத்தக்கது என்றது. சட்டமன்றமே இரண்டையும் பிரித்து எழுதியதையும் சுட்டிற்று. ('பீட்டல்' என்னும் ஆங்கிலச் சொல், மலையாள 'வெற்றில' போர்த்துகீசியர் வாய்வழிச் சென்று திரிந்தது.)

ஆனால் எம்மொழியின் மக்கள் வழக்கு? 1941ஆம் ஆண்டு வங்காளச் சட்டம் இவ்வினாவை ஓரளவு முன்னுணர்ந்தது போலும்: 'சப்ஜி, தர்காரி, சாக்' என வழங்கும் காய்கறிகள் என்று, ஆங்கில வாசகத்துக்குள்ளேயே உள்ளூர்ச் சொற்களைப் பெய்துவைத்தது. அவ்வாசகத்தைக் கொண்டே பச்சை இஞ்சியும் காய்கறிதான் என்று 1977இல் தீர்ப்பாயிற்று.

மறு ஆண்டு ஆந்திர வழக்கொன்றில் சிக்கல் முற்றியது. அட்டுகுலு (அவல்), முரமுராலு (பொரி) ஆகியவை 'அரிசி' என்னும் வரிப்பிரிவுள் அடங்குமா? அடங்கும், அரிசி என்னும் அடையாளத்தை அவை இழக்கவில்லை என்றது உச்ச நீதிமன்றம். வணிகருக்கு நன்மை பயந்த தீர்ப்பே. எனினும் காரணம் மொழியியலாருக்கு நிறைவளிக்காது. பொரியைச் சுட்டும் ஆங்கிலத் தொடரில் அரிசிக்குரிய சொல் வெளிப்படையாக நிற்கிறது. தெலுங்கின் 'பிய்யமு' முரமுராலுவில் இல்லை. தமிழ்ப் பொரியிலும் அரிசி இல்லை. கடையில் அரிசி கேட்டவருக்குப் பொரி கட்டிக்கொடுப்பார் எவருமிலர். மக்கள் வழக்கு என்னும் அளவுகோல் வெற்றிலைக்கு ஒரு வகையாகவும் பொரிக்கு வேறு வகையாகவும் நீட்டப்பட்டது.

2022 ஜூலை 18 முதல், 25 கிலோவுக்கு மேற்படாத பொதிகளில் முன்கூட்டியே அடைத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டிய பொரிக்குச் சரக்கு, சேவை வரி 5 விழுக்காடு என்றாயிற்று. 40 ரூபாய் அடிப்படை விலைக்கு 2 ரூபாய் வரி. மாநிலத்துக்குள் விற்றால் ஒன்றியத்துக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று. அதே பொரியைப் படியால் அளந்து காகிதத்தில் பொட்டலம் கட்டினால் வரியில்லை.