சுழலிக்கு நூல் வகுத்த பேராசிரியர் ஸ்டோடொலா

ஒரு பொறியை முதலில் ஆக்கியவரின் பெயரை உலகம் எளிதில் நினைவில் கொள்கிறது. அப்பொறி எவ்வாறு இயங்குகிறது, எங்கே அதன் ஆற்றல் வீணாகிறது என்று அளந்தறிந்து, அதனைப் பிறர் கற்கத்தக்க கல்வியாக ஆக்கித் தந்தவரின் பெயரோ பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. டர்பைன் எனப்படும் சுழலியின் வரலாற்றில் அத்தகைய பெரும்பணி ஆற்றியவர் பேராசிரியர் ஆரெல் ஸ்டோடொலா ஆவார்.

இளமையும் கல்வியும்

அந்நாளில் ஹங்கேரி அரசின்கீழ் இருந்ததும் இந்நாளில் ஸ்லோவாக்கியாவில் உள்ளதுமான லிப்டோவ்ஸ்கி மிகுலாஷ் என்னும் ஊரில், 1859ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழிலினர். புடாபெஸ்ட் நகரில் பயின்றபின், சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, 1881இல் எந்திரப் பொறியாளராகத் தேறினார். சில ஆண்டுகள் தொழிற்சாலைகளில் பணியாற்றினார். பிராக் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் தலைமைப் பொறியாளராகவும் இருந்தார். 1892இல் தாம் கற்ற சூரிச் கல்லூரியே அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1929 வரை, முப்பத்தேழு ஆண்டுகள், அவர் அப்பதவியை விட்டு நீங்கவில்லை.

பட்டறையில் எழும் கேள்வியை அறிஞர் மன்றத்துக்குக் கொண்டுசெல்வது அவர் இயல்பு. நீர்ச்சுழலியின் வேகத்தைக் காக்கும் கருவி சில வேளைகளில் தானே தடுமாறி, வேகத்தை மாறி மாறிக் கூட்டியும் குறைத்தும் அல்லற்படுத்துவதுண்டு. அத்தடுமாற்றம் நேராதிருக்க வேண்டிய நிபந்தனை யாது என்பதைக் கணிதப் பேராசிரியர் ஹூர்விட்ஸ் என்பாரிடம் ஸ்டோடொலா வினவினார். அதற்கு 1895இல் ஹூர்விட்ஸ் தந்த விடை, டாவோஸ் நகரத்துச் சுழலி நிலையத்திற்குப் பயன்பட்டது. இன்றும் கட்டுப்பாட்டுப் பொறியியல் பயில்வோர் அதனை ஹூர்விட்ஸ் விதி என்றே கற்கின்றனர்.

குழலுக்குள் ஓர் ஆராய்ச்சி

இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் 1884இல் தம் நீராவிச் சுழலியை ஆக்கினார். ஸ்வீடனில் டி லாவல், முதலில் குறுகிப் பின்னர் அகலும் குழல் ஒன்றின் வழியே ஆவியைச் சக்கரத் தகடுகளின்மீது பாய்ச்சினார். பொறிகள் ஓடின, ஆயின் குழலுக்குள் ஆவிக்கு என்ன நேர்கிறது என்பது தெளிவாகவில்லை. ஆவி ஒலியினும் விரைந்து செல்லக்கூடுமா என்பதே அறிஞரிடையே ஐயத்திற்குரியதாய் இருந்தது.

ஸ்டோடொலா வாதம் செய்யவில்லை, அளந்தார். பக்கத்தில் சிறு துளையிட்ட மெல்லிய குழாய் ஒன்றைக் குழலின் நடுவே நீளவாக்கில் செலுத்தி, முன்னும் பின்னும் நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் ஆவியின் அழுத்தத்தைக் குறித்தார். அழுத்தம் தொடர்ந்து இறங்கிய முறையிலிருந்து ஆவி ஒலியின் வேகத்தைக் கடந்து சென்றது புலனாயிற்று. வெளிப்புற அழுத்தத்தை உயர்த்தியபோது, இறங்கிவந்த அழுத்தம் குழலுக்குள்ளேயே ஓரிடத்தில் திடீரென மேலே தாவிற்று. அதிர்ச்சி அலை என்று இன்று வழங்கப்படுவது அதுவே. பிற்காலத்தில் ஜெட் விமானமும் ஏவுகணையும் ஆக்கியோர்க்கு வேண்டியிருந்த அறிவின் ஒரு வித்து, இவ்வாறு ஓர் ஆசிரியரின் ஆய்வுக்கூடத்தில் ஊன்றப்பட்டது.

வளர்ந்த நூல்

இவ்வாராய்ச்சிகளைத் தொகுத்து 1903இல் நீராவிச் சுழலிகளைப் பற்றிய நூலை அவர் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். எதிர்காலத்து வெப்பப் பொறிகளைப் பற்றிய பகுதியும் அதில் இருந்தது. பதிப்புத்தோறும் நூல் பெருகியது, 1924இல் வந்த ஆறாம் பதிப்பு ஆயிரம் பக்கங்களைக் கடந்தது, ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. சுழலியின் வழியே செல்லும் ஆவியின் அளவுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை உரைக்கும் நீள்வட்ட விதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

அவருடைய அறிவு எந்திரக் கூடத்தோடு நின்றுவிடவில்லை. முதல் உலகப் போரில் கையிழந்தோர் துயர் கண்டு, அறுவை மருத்துவர் சாவர்புருக்குடன் சேர்ந்து செயற்கைக் கை ஒன்றை வகுப்பதில் ஈடுபட்டார். எஞ்சிய தசையில் துளையிட்டு, அதில் தந்தக் கோலைச் செருகி, தசை சுருங்கும் இழுவையால் விரல்களை அசைக்கும் முறை அது. இதனைப் பற்றிய நூல் 1916இல் வந்தது. ஸ்டோடொலா 1929இல் ஓய்வு பெற்றபோது அவரைப் பாராட்டி எழுதியவர்களுள் ஐன்ஸ்டைனும் ஒருவர்.

எண்பதாம் வயதில்

நீராவியின்றி, எரிபொருளின் சூடான வாயுவையே கொண்டு சுழலியை ஓட்டுதல் பொறியாளரின் நெடுநாட்கனவு. தடையாய் நின்றது காற்றை அழுத்தும் பகுதி. சுழலி ஈட்டும் ஆற்றலை அதுவே விழுங்கிவிட்டது. முடிவில் சுவிட்சர்லாந்தின் பிரௌன் பொவேரி நிறுவனம், நூஷாட்டெல் நகரின் மின்நிலையத்திற்கென ஒரு வாயுச் சுழலியைக் கட்டியது. 1939 ஜூலையில் அதனைச் சோதித்துச் சான்று கூறும் பொறுப்பு எண்பது வயதான ஸ்டோடொலாவிடம் வந்தது.

அவர் கண்ட கணக்கு இது: சுழலி ஈட்டியது ஏறத்தாழ 15,400 கிலோவாட், காற்றழுத்தி உண்டது 11,400, மின்சாரமாய் மிஞ்சியது 4,000. எரிபொருளின் வெப்பத்தில் பயனாய்க் கிடைத்தது நூற்றுக்குப் பதினேழரைக்குச் சற்றுக் குறைவு. அக்காலத்துச் சிறந்த நீராவி நிலையங்களுக்கு இது ஈடன்று. எனினும் அவர் அதனை மிகைப்படுத்தவும் இல்லை, இகழவும் இல்லை. அளந்ததை அளந்தவாறே உரைத்தார். முதன்முதல் மின்நிலையப் பணிக்கு வந்த அவ்வாயுச் சுழலி 2002 வரை உழைத்தது. அதன் வழிவந்த வாயுச் சுழலிகள் இன்று உலகெங்கும் மின்சாரம் ஆக்குகின்றன.

1942ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் ஸ்டோடொலா சூரிச்சில் மறைந்தார். அவர் பெயர் பொறித்த தொழிற்சாலை ஏதும் எழவில்லை. ஆயினும் தொழிலாளியின் கைப்பழக்கமாய் இருந்ததை மாணவன் கற்கும் பாடமாய் மாற்றியது அவருடைய அளவுகோல். உண்மையை அளந்து, அளந்ததை மறைக்காமல் கற்பித்தல் ஆசிரியத் தொழிலின் முதற் கடமை அன்றோ? அக்கடமையை முப்பத்தேழு ஆண்டுகள் ஆற்றிய ஒருவரின் வாழ்வு, எந்தப் பாடம் நடத்துவோர்க்கும் ஒரு பாடமாகும்.